சாப்பாட்டுக் கேள்வி

மார்ச் 3, செவ்வாய்

சென்னைப் பயிற்சி முடிந்து காலை ரயிலில் வந்து இறங்கினேன். குடும்ப நீதிமன்ற நீதிபதிகளுக்குச் சமூக அறிவியல் ஆய்வுகளை அறிமுகப்படுத்தும் இரண்டு நாள் வகுப்பு. இத்தனை வருடம் சட்டப் புத்தகத்தையும் சொந்தப் புத்தியையும் வைத்துக்கொண்டு அடுத்தவர் குடும்பத்தில் கை வைத்தோம். இனிமேல் ஆராய்ச்சியையும் வைத்துக்கொண்டு கை வைக்கலாம் என்று மேலிடத்தில் நினைக்கிறார்கள்.

எங்களைப் போல அடங்காத மாணவர்கள் எங்கும் கிடைக்கமாட்டார்கள். நாள் முழுக்க 'போதும், உட்காருங்கள்' என்று சொல்லியே பழகியவர்களுக்கு, இன்னொருவர் பேசி முடிக்கும்வரை வாயை மூடிக்கொண்டிருப்பது கஷாயம் குடிக்கிற மாதிரி. என் பக்கத்தில் இருந்த நீதிபதி, பேச்சாளர் வணக்கம் சொன்னதற்கே "ஆதாரம்?" என்று முனகினார்.

இரண்டாம் நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு முனைவர் ஹமீதா பானு பேசினார். சமூகவியல் பேராசிரியை. குரல் சின்னது, கண் பெரியது. பெற்றோர் பிரிந்திருந்தாலும் சரி, சேர்ந்திருந்தாலும் சரி, பிள்ளையோடு உட்கார்ந்து சாப்பிடுகிற வீடுகளில் பிள்ளைகள் நன்றாகத் தூங்குகிறார்கள், படிக்கிறார்கள், மனம் தெளிவாக இருக்கிறார்கள் என்று சில ஆய்வுகள் சொல்வதாகச் சொன்னார். எனக்குள் ஒரு பல்பு எரிந்தது. அடடா, அப்பா நல்லவரா அம்மா நல்லவரா என்று ஆறு வருடம் சாட்சி விசாரிப்பதற்கு, 'யார் பிள்ளையோடு சாப்பிடுகிறீர்கள்?' என்று ஒரு கேள்வி போதாதா?

அதற்குப் பிறகு அவர் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. மதியம் இரண்டு கிண்ணம் பாயசம் சாப்பிட்டிருந்தேன். கைதட்டல் சத்தத்தில் விழித்துக்கொண்டு, எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினேன்.

நீதிமன்ற வளாகத்துக்குள்ளேயே, வாசலைப் பார்த்தபடி என் குடியிருப்பு. சாப்பாட்டு மேசைக்கு ஆறு நாற்காலிகள் கொடுத்திருக்கிறார்கள். ஐந்தில் வழக்குக் கட்டுகள் உட்கார்ந்திருக்கின்றன. ஆறாவதில் நான். நாகர்கோவிலிலிருந்து வீட்டுக்காரர் போன் செய்தார். தினப்படி உரையாடல்தான்.

"சாப்ட்டாச்சா?"

"ஆச்சு. உங்களுக்கு?"

"ஏழு மணிக்கே ஆச்சு."

சர்க்கரைக்காக டாக்டர் ஏழு மணி என்று சொன்னதிலிருந்து, ஏழு என்றால் ஏழுதான். வங்கி மேலாளராக இருந்தபோதே கடிகாரத்தைக் கட்டிக்கொண்டவர்.

மார்ச் 4, புதன்

ஆராய்ச்சியை இன்றே களத்தில் இறக்கிவிட்டேன். வாய்ப்பு கிடைத்தது மயில்சாமி, பூங்கோதை வழக்கில்.

மயில்சாமிக்குப் பேருந்து நிலையத்துக்கு எதிரில் பேக்கரி. பூங்கோதை தனியார் மருத்துவமனையில் நர்ஸ். பிரிந்து ஒன்றரை வருடம் ஆகிறது. ஒரே பெண், நிறைமதி, ஒன்பது வயது. இப்போது அம்மாவோடு இருக்கிறாள். சனிக்கிழமை காலை நீதிமன்ற வாசலில் அப்பாவிடம் கொடுத்து, ஞாயிறு மாலை திருப்பி வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது போன வருடம் நான் போட்ட இடைக்கால உத்தரவு. அப்பாவுக்கு அது பத்தவில்லை. பெண்ணை மொத்தமாக என்னிடம் கொடுங்கள், பேக்கரிக்குப் பக்கத்துப் பள்ளியில் ஜூனில் சேர்க்கிறேன் என்கிறார். அந்தச் சனிக்கிழமையும் கூடாது என்கிறாள் அம்மா. கோடை விடுமுறைக்குள் நான் தீர்ப்புச் சொல்லியாக வேண்டும். பிள்ளை எந்த வீட்டில் வளரப்போகிறது என்பது என் பேனாவில் இருக்கிறது. பேனாவுக்கு அது தெரியாது, சாதாரணமாகத்தான் எழுதுகிறது.

கேட்டேன். "பொண்ணோட உக்காந்து கடைசியா எப்ப சாப்பிட்டீங்க?"

மயில்சாமி தன் வக்கீல் நஞ்சப்பனைப் பார்த்தார். நஞ்சப்பன் மின்விசிறியைப் பார்த்தார்.

"உக்காந்துங்களா? கடைல உக்கார நேரமேதுங்க. நின்னுட்டே ரெண்டு பன்னு, ஒரு டீ. அவ்வளவுதானுங்க."

பூங்கோதை சொன்னாள்: "டூட்டிக்கு ஓடறப்ப டப்பாவத் தொறந்து நாலு வாய் போட்டுக்குவேனுங்க மேடம். பாப்பாவுக்கு முன்னாடியே வெச்சுட்டுப் போயிருவேன்."

இரண்டு பேரும் தோல்வி. ஆராய்ச்சி எவ்வளவு சுலபமாக வேலை செய்கிறது! பெஞ்ச் கிளார்க் திருமூர்த்தி என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். வியப்பாக இருக்கும்.

மார்ச் 9, திங்கள்

எல்லா வழக்கிலும் கேட்டுவிட்டேன். ஒரு கணவர், "நான் ரெடிதானுங்க, அவ வைக்கிற ரசத்துக்கு முன்னாடி உக்காரத்தான் தைரியம் வரலீங்க" என்றார். மனைவி அங்கேயே செருப்பைத் தேடினாள். அவர்களுக்கு இன்னும் வாழ்வு இருக்கிறது என்று தோன்றியது. சமரசத்துக்கு அனுப்பினேன்.

வழக்கறிஞர்கள் மத்தியில் எனக்குப் புதுப்பெயர் வைத்திருக்கிறார்களாம். திருமூர்த்தி சொல்ல மறுத்தார். ரொம்ப வற்புறுத்தியதும், "மெஸ் அம்மான்னு சொல்றாங்கம்மா" என்றார். நீதித்துறையில் இருபத்திரண்டு வருடம் உழைத்ததற்குக் கிடைத்த பட்டம்.

"சார் அடுத்த மாசம் வர்றாருங்களாம்மா?" என்று முன்னெல்லாம் கேட்பார். இப்போது கேட்பதில்லை. நானே சொன்னேன், அடுத்த மாதம் வருகிறார் என்று. இங்கே வெயில் அவருக்கு ஒத்துக்கொள்ளாது, அதுதான் தள்ளிப்போகிறது.

மார்ச் 17, செவ்வாய்

புது மனுக்களைப் படித்தேன். எல்லாவற்றிலும் ஏழாவது பத்தி ஒரே மாதிரி இருக்கிறது.

'எதிர்மனுதாரர் குழந்தையுடன் அமர்ந்து ஒருநாளும் உணவருந்தியதில்லை. மனுதாரரோ நாள்தோறும் தவறாது குழந்தையுடன் உணவருந்தி வருகிறார்.'

ஒரு மனுவில் குழந்தைக்கு வயது நாற்பது நாள். அது யாரோடு அமர்ந்து என்ன அருந்தும் என்று வக்கீலைக் கேட்டேன். "அமரலைங்கம்மா, படுத்த நிலையில்னு திருத்திக்கறேனுங்க" என்றார், முகத்தில் ஒரு அசைவில்லாமல். இன்னொரு மனுவில், வேறு யாரோ தம்பதியின் விவாகரத்துக்கு நடுவில் 'மேற்படி மயில்சாமி' என்று வந்துவிட்டது. எதிரில் இருக்கிற டைப்பிங் சென்டரில் மயில்சாமியின் மனுவை வைத்துத்தான் எல்லாருக்கும் அச்சடிக்கிறார்கள். பெயரை மாற்றுவதற்குள் டீ வந்திருக்கும்.

மயில்சாமி தரப்பில் புகைப்பட ஆல்பம் தாக்கல் செய்தார்கள். மகளுக்கு அவர் இட்லி ஊட்டுகிறார், தோசை ஊட்டுகிறார், கேக் ஊட்டுகிறார், பிரியாணி ஊட்டுகிறார்.

"எல்லாத்துலயும் அதே சட்டைங்கம்மா" என்றார் திருமூர்த்தி மெதுவாக. "ஒரே மத்தியானத்துல எடுத்திருக்காங்க. பாப்பாவ நெனைச்சாத்தான் பாவமா இருக்குது, வயிறு என்னத்துக்காகுமுங்க?"

பூங்கோதையின் வக்கீல் ஜெசிந்தாவும் சும்மா இல்லை. தாயும் மகளும் நிலாவைப் பார்த்தபடி மொட்டைமாடியில் சாப்பிடும் வீடியோ கொண்டுவந்திருக்கிறார். பின்னணியில் இசை வேறு.

இரண்டு வாரம் முன்பு நின்றுகொண்டே பன் தின்றவர்கள் இவர்கள். நல்ல முன்னேற்றம் என்று எழுதிக்கொள்ள வேண்டியதுதான்.

மார்ச் 21, சனி

தேங்காய் இல்லை. பொடி தோசை. சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தால் நீதிமன்ற வாசலில் ஒரே சத்தம், யாரோ போனை உயர்த்திப் படம் பிடிக்கிறார்கள். கல்யாண ஜோடியாக இருக்கும். விவாகரத்து நடக்கிற இடத்தில் வந்து படம் எடுக்க எப்படித்தான் மனம் வருகிறதோ.

மார்ச் 24, செவ்வாய்

நிறைமதியை என் அறைக்கு வரவழைத்துத் தனியாகப் பேசினேன். வக்கீல்கள் இல்லை, பெற்றோர் இல்லை. மேசையில் சாக்லேட் டப்பா. (பாதியை நானே தின்றுவிடுவதால் அடிக்கடி நிரப்ப வேண்டியிருக்கிறது.)

இரட்டைச் சடை, வெள்ளை ரிப்பன். பேச்சுப்போட்டி மேடையில் நிற்பது போலக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"சாக்லேட் எடுத்துக்கோ."

"முதல்ல கேள்வி கேட்டுருங்க மேடம். சாப்புட்டுட்டே இருந்தா மறந்துருவேன்."

"என்ன மறந்துருவ?"

"பதிலுங்க. நீங்க சாப்பாடு கேப்பீங்கல்ல? எல்லாத்துக்கும் தெரியுமுங்க. ரெண்டு பதில் இருக்குது. அப்பாவுது முதல்ல சொல்லட்டுங்களா, அம்மாவுது சொல்லட்டுங்களா?"

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். நேரம் வாங்க எங்களுக்கு இருக்கிற ஒரே வழி அது.

"உனக்கு எது ஈசி?"

"அப்பாவுது கொஞ்சம் பெருசுங்க. அம்மாவுது சின்னது. ஆனா கடைசில அழுகோணும்."

"ரெண்டும் வேண்டாம். நெசமா நடக்கிறதைச் சொல்லு."

யோசித்தாள். யாரும் சொல்லிக் கொடுக்காத கேள்வி என்பதால் நேரம் எடுத்தது.

"சனிக்கிழமை நான் சாப்புடறதே இல்லீங்க."

"ஏன்?"

"வயிறு வலிக்குமுங்க. வெள்ளிக்கிழமையே ஆரம்பிச்சுரும். அம்மா அமுக்கிப் பாத்துட்டு ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டாங்க. அவங்கதான் நர்ஸுங்களே."

சனிக்கிழமை அப்பாவோடு இருக்கும் நாள். 'தந்தை வீட்டில் உணவு இல்லை?' என்று குறித்துக்கொண்டேன். கேள்விக்குறிதான் போட்டேன், ஆனால் மனதுக்குள் முற்றுப்புள்ளி விழுந்துவிட்டது.

எழுந்தவள் நின்று கேட்டாள். "மேடம், நீங்க யாரோட சாப்புடுவீங்க?"

"எங்க வீட்டுக்காரரோட."

என்னையே பார்த்தாள்.

"இது உங்களுக்கு யாருங்க சொல்லிக் குடுத்தா?"

சாக்லேட் டப்பாவைத் திறந்து நீட்டினேன். இரண்டு எடுத்தாள். "ஒண்ணு அப்பா வீட்ல வெக்கறதுக்கு, ஒண்ணு அம்மா வீட்ல வெக்கறதுக்கு" என்று விளக்கம் சொல்லிவிட்டுப் போனாள்.

மார்ச் 25, புதன்

பேராசிரியர் ஹமீதா பானுவுக்குப் போன் போட்டேன்.

"நீங்க மூணாவது வரிசைல, கைதட்டலுக்கு எழுந்த மேடம்தானே?"

இந்தப் பெண்மணியைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினால் வக்கீல்கள் பிழைக்கமாட்டார்கள். நடந்ததை எல்லாம் சொன்னேன். ஏழாவது பத்தியைச் சொன்னபோது போனில் வெகுநேரம் சிரித்தார்.

"கடைசிப் பத்து நிமிஷம் இதைத்தானே மேடம் பேசினேன்?"

"ஆமாமா. நினைவிருக்கு. இன்னொரு தடவை உங்க வாயால கேக்கலாம்னு."

"அமைதியா இருக்கற வீட்ல சேர்ந்து சாப்பிடறாங்க. சேர்ந்து சாப்பிட வெச்சுட்டா அமைதி வந்துடும்னு அந்த ஆய்வு சொல்லலை. மழை பெய்யற ஊர்ல குடை நிறைய விக்கும். குடையைக் கொண்டுபோய் விரிச்சு வெச்சா மழை வந்துடுமா? அதுவும் போக, அது பல ஆயிரம் பிள்ளைங்களோட சராசரி. உங்க முன்னாடி நிக்கிறது ஒரு பிள்ளை."

"அப்ப எதைத்தான் நம்பறது?"

"ஒரு விஷயத்துல பெரும்பாலான ஆய்வுகள் ஒத்துப்போகுது. அப்பா வீடா, அம்மா வீடாங்கறதைவிட, ரெண்டு பேரோட சண்டைக்கு நடுவுல பிள்ளை நிக்கிறதுதான் அதை அதிகமா உடைக்குது. அந்தப் பொண்ணு நடுவுல எங்க நிக்கிறான்னு கண்டுபிடிங்க. ஆனா கேக்காதீங்க மேடம், பாருங்க. நீங்க சத்தமா ஒண்ணு கேட்டா, ஊரே அதுக்குப் பதில் தைச்சுக் குடுத்துடும்."

முதல் நாள் மயில்சாமியும் பூங்கோதையும் சொன்னது நினைவுக்கு வந்தது. இந்த வழக்கில் எனக்குக் கிடைத்த உண்மையான சாட்சியம் அந்தப் பன்னும் டப்பாவும்தான். அதைக் கேட்டுத்தான் இரண்டு பேரையும் ஃபெயில் போட்டிருந்தேன்.

மார்ச் 28, சனி

பார்த்தேன். பார்க்க வேண்டும் என்று திட்டமிட்டுப் பார்த்தேன் என்று எழுத ஆசைதான். தோசை திருப்பிக்கொண்டிருந்தேன், ஜன்னல் கண்முன்னே இருந்தது.

கல்யாண ஜோடி இல்லை. பூங்கோதை ஸ்கூட்டரில் பெண்ணோடு வந்து இறங்கினாள். வேப்பமரத்தடியில் மயில்சாமி தன் வேனோடு நின்றார். நஞ்சப்பனின் ஜூனியர் ஒரு பக்கம், ஜெசிந்தாவின் ஜூனியர் மறுபக்கம், இரண்டு பேர் கையிலும் போன்.

பூங்கோதை போனைப் பார்த்து உரக்கச் சொன்னாள். "இன்னிக்குக் காலைல பத்து மணிக்குப் பாப்பாவ நல்லபடியா ஒப்படைக்கறேன். காயமில்லை, காய்ச்சலில்லை."

மயில்சாமி தன் போன்காரரிடம் அதைவிட உரக்கச் சொன்னார். "பாப்பா மூஞ்சி வாடியிருக்குது. காலைல ஒண்ணும் குடுக்காமக் கூட்டிட்டு வந்திருக்குறாங்க. பதிவு பண்ணிக்கங்க."

நடுவில் நிறைமதி. அம்மாவின் ஸ்கூட்டரிலிருந்து அப்பாவின் வேன்வரை நடக்க வேண்டும். நடந்தாள். பாதி வழியில் ஜூனியர்களில் ஒருவன், "பாப்பா, வீடியோ சரியா விழுகல, இன்னொருக்கா அங்கிருந்து வா" என்றான்.

அவள் திரும்பிப் போய், மறுபடி நடந்து வந்தாள். முகம் சுளிக்கவில்லை. பழகியவள் போல அந்த நடையை நடந்தாள்.

தோசை கருகி அடுப்படி முழுக்கப் புகை.

மார்ச் 30, திங்கள்

என் பழைய உத்தரவை எடுத்து வரச் சொன்னேன்.

'இரு தரப்பு வழக்கறிஞர்கள் முன்னிலையில், நீதிமன்ற வாயிலில், பிற்காலத்தில் எவ்விதப் புகாருக்கும் இடமின்றிக் குழந்தையை ஒப்படைக்க வேண்டும்.'

அந்த வரியை எழுதிய அன்று எனக்கு என் தமிழ்மேல் மோகமே வந்தது. எவ்விதப் புகாருக்கும் இடமின்றி! புகாருக்கு இடமில்லாமல் இருக்க வேண்டும் என்றால், புகாருக்கு ஆதாரம் சேர்க்காமல் எப்படி? அவர்கள் என் உத்தரவை எழுத்துக்கு எழுத்து மதித்திருக்கிறார்கள். வாராவாரம் அந்தப் பெண் நடுவில் நின்றது என் வாசலில், நான் சொல்லி.

மதியம் சாப்பிடப் பிடிக்கவில்லை. மருந்துக்காக ஒரு வாழைப்பழம். போனில் "சாப்ட்டாச்சா?" என்று வந்தது. "ஆச்சு" என்றேன்.

ஏப்ரல் 8, புதன்

இரண்டு பேரையும் வக்கீல் இல்லாமல் அறைக்குக் கூப்பிட்டேன். நஞ்சப்பன் வாசலில் பாவமாக நின்றார். பந்தியில் இலை கிடைக்காதவர் மாதிரி இருந்தது.

"பாப்பாவுக்கு வயிறு எப்பல்லாம் வலிக்குது?"

"வெள்ளிக்கிழமைங்க" என்றார்கள் இரண்டு பேரும், ஒரே நேரத்தில். இந்த வழக்கில் இருவரும் ஒத்துப்போன முதல் இடம். அவர்களுக்கே கூச்சமாகிவிட்டது.

"வீடியோ எதுக்கு எடுக்கறீங்க?"

"எடுக்கலைன்னா, நான் பட்டினி போட்டேன்னு நாளைக்கு இவ சொல்லுவாளுங்க."

"நீங்கதான சொன்னீங்க, ஆஸ்பத்திரியிலிருந்து நான் கிருமியக் கொண்டாறேன்னு?"

"அது வக்கீலு எழுதுனது!"

"கையெழுத்துப் போட்ட கை யாரோடது?"

கொஞ்ச நேரம் விட்டேன். பிறகு, சொல்லக்கூடாத ஒன்றைச் சொன்னேன். பிள்ளை தனியாக என்னிடம் சொன்னது. "அப்பா சொல்லிக் குடுத்தது பெருசாம். அம்மா சொல்லிக் குடுத்தது சின்னதாம், ஆனா கடைசில அழணுமாம். எதை முதல்ல சொல்லட்டும்னு கேட்டா."



"ரொம்பப் பெருசா இருக்குதுன்னு வக்கீலுகிட்ட அப்பவே சொன்னேனுங்க" என்றார் மயில்சாமி, தரையைப் பார்த்து.

பூங்கோதைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாதிச் சிரிப்பில் அழுகையாக மாறியது. அது யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. மயில்சாமி சட்டைப்பையிலிருந்து பேக்கரி டிஷ்யூ பேப்பரை உருவி, அவளிடம் கொடுக்காமல் மேசைமேல் அவள் பக்கமாக வைத்தார்.

இனிமேல் நீதிமன்ற வாசல் கிடையாது என்றேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூடத்திலிருந்து அப்பா கூட்டிப் போகட்டும், திங்கள் காலை பள்ளிக்கூடத்திலேயே கொண்டுவந்து விடட்டும். அம்மாவும் அப்பாவும் ஒருவரை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை. வீடியோ கூடாது.

"லீவு விட்டா?" என்றார் மயில்சாமி.

"வண்டிப்பேட்டைல ட்ராயிங் கிளாஸ் போவா" என்றாள் பூங்கோதை, அவரைப் பார்க்காமல், என்னிடம். "அங்க விட்டுட்டு, அங்கிருந்தே கூட்டிக்கலாமுங்க."

இந்த ஏற்பாடு, நான் மறுபடி போன் போட்டபோது ஹமீதா பானு சொன்னது. ட்ராயிங் கிளாஸ் அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

ஏப்ரல் 14, செவ்வாய்

புத்தாண்டு. மாங்காய்ப் பச்சடி ஒரு ஆளுக்குச் செய்வது எப்படி என்று எந்த ஆராய்ச்சியும் சொல்வதில்லை. செய்தால் ஐந்து பேருக்கு வருகிறது. நாற்காலிகளில் இருந்த கட்டுகளுக்குப் பரிமாற முடியாது.

அவரிடம் சொன்னேன். "விடுமுறைக்கு வரேன். ரெண்டாம் தேதி."

"வா" என்றார். கொஞ்சம் கழித்து, "எத்தனை மணிக்கு?" என்றார்.

"எட்டாகும். நீங்க ஏழுக்குச் சாப்பிட்டிருங்க."

"ம்."

மூன்று வருடம் முன்பு இந்த ஊருக்கு மாற்றல் வந்தபோதும் அந்த 'ம்'தான். அதற்கு முன் நான்கு ஊர் என்னோடு வந்தவர். ஐந்தாவது ஊருக்கு, "நீ போய்ட்டு வா" என்றார். கடைத்தெருவுக்குப் போகிறவளிடம் சொல்வது போல. நானும் கடைத்தெருவுக்குப் போகிறவள் போலவே கிளம்பி வந்துவிட்டேன். அப்போது அதில் சண்டை எதுவும் இல்லை. சண்டை இருந்தால் சமரசத்துக்காவது அனுப்பலாம்.

பச்சடி நன்றாக வந்திருந்தது.

ஏப்ரல் 18, சனி

பத்து மணிக்கு வாசலில் யாரும் இல்லை. வேப்பமரத்தடியில் ஒரு நாய் படுத்திருந்தது. தோசை கருகவில்லை.

ஏப்ரல் 23, வியாழன்

தீர்ப்பு.

நிறைமதி அம்மா வீட்டிலேயே இருப்பாள். பள்ளி மாற்றம் கிடையாது. வெள்ளி மாலை முதல் திங்கள் காலைவரை அப்பாவோடு. ஒப்படைப்பு பள்ளியில், அல்லது ட்ராயிங் வகுப்பில். இரு தரப்பும் படமோ வீடியோவோ எடுக்கக்கூடாது. எனது முந்தைய உத்தரவின் ஒப்படைப்புப் பகுதி, குழந்தைக்கு நன்மை செய்யவில்லை என்பதால் ரத்து செய்யப்படுகிறது. அந்த வரியை எழுத மூன்று காகிதம் கிழித்தேன். தமிழ் அழகாக வரவே இல்லை. அப்படியே விட்டுவிட்டேன்.

மயில்சாமிக்கு முகம் தொங்கிவிட்டது, பாதிதான் கிடைத்தது என்று. பூங்கோதைக்கும் முகம் தொங்கிவிட்டது, பாதி போய்விட்டது என்று. இரண்டு முகமும் ஒரே அளவு தொங்கினால் தீர்ப்பு பரவாயில்லை என்பது என் சொந்த ஆராய்ச்சி. இதற்கு ஆதாரம் கிடையாது.

நஞ்சப்பன் எழுந்தார். "அம்மா, தீர்ப்புல ஆய்வு எதையும் மேற்கோள் காட்டலைங்களே? நான் பதினோரு ஆய்வு படிச்சுட்டு வந்தேனுங்க." கையில் நிஜமாகவே ஒரு கட்டு இருந்தது.

"நல்லது. கடைசிப் பத்துப் பக்கத்தையும் படிச்சீங்களா?"

"அது... குறிப்புகள்தானுங்களே அம்மா."

என் சாதிக்காரர்தான் அவரும். பாயசச் சாதி.

ஏப்ரல் 30, வியாழன்

விடுமுறைக்கு முன் கடைசி வேலைநாள். புது மனுக்கள் வந்திருக்கின்றன. ஏழாவது பத்தியில் சாப்பாட்டைக் காணோம். அதற்குப் பதில்:

'குழந்தைக்கு வெள்ளிக்கிழமைதோறும் கடும் வயிற்று வலி ஏற்படுகிறது.'

எல்லா மனுவிலும். அந்த நாற்பது நாள் குழந்தைக்கும். டைப்பிங் சென்டர்காரரின் சேவையைப் பாராட்டி ஏதாவது செய்ய வேண்டும்.

திருமூர்த்தி கிளம்பும்போது சொன்னார். "மயில்சாமி கடைலதானுங்க நான் டீ குடிக்கறது. போன வெள்ளிக்கிழமை பாப்பா கல்லாவுக்குப் பின்னாடி ஸ்டூல்ல உக்காந்து முட்டை பப்ஸ் சாப்புட்டுட்டு இருந்துச்சு. ரெண்டு முடிச்சுட்டு மூணாவது கேட்டுச்சு. அப்பன்காரன் குடுக்கலாமா வேண்டாமான்னு அம்மாக்காரிக்குப் போன் போட்டுக் கேக்கறாப்பல."

"என்ன சொன்னாளாம்?"

"'பாதி குடு'ன்னாங்களாம்."

மயில்சாமி அப்போதும் நின்றுகொண்டேதான் டீ குடித்தாராம். நான் அதைக் குறித்துக்கொள்ளவில்லை.

மே 2, சனி. நாகர்கோவில்

ரயில் நிலையத்துக்கு ஸ்கூட்டரில் வந்திருந்தார். தலை இன்னும் கொஞ்சம் நரைத்திருக்கிறது. என்னுடையதும்தான், நான் சாயம் பூசுகிறேன். வழியில் அதிகம் பேசவில்லை. "புது ரோடு போட்டுட்டானுவ" என்றார். "ஆமா" என்றேன்.

வீட்டுக்குள் நுழைந்தபோது மணி எட்டேகால். கை கழுவச் சமையலறைக்குப் போனேன். இருபத்திரண்டு வருடத் தொழில், கண் சும்மா இருக்குமா? தட்டுக்கூடையில் ஒரே ஒரு தட்டு கவிழ்த்திருந்தது, விளிம்பில் இன்னும் ஈரம். பக்கத்தில் கழுவின டம்ளர். அவருடைய சர்க்கரை மாத்திரை அட்டையில் இன்றைய குழி காலி. ஏழு மணி தவறவில்லை.

தோசைமாவு எடுத்துக் கல்லைப் போட்டேன். வழக்கம்போல வாய் முந்திக்கொண்டது.

"சாப்ட்டாச்சா?"

"இல்ல" என்றார். "நீ வரட்டும்னு இருந்தேன்."

மேசையில் வந்து உட்கார்ந்தார். இங்கே நான்கு நாற்காலிகள், எதிலும் கட்டு இல்லை. இரண்டு தோசை வைத்தேன். சின்னச் சின்னதாகப் பிய்த்து, ரொம்பக் கவனமாக, ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர் குடித்துக்கொண்டு சாப்பிட்டார். முதல் தோசை முடிவதற்குள் வேட்டி முடிச்சைத் தளர்த்தினார். அதையும் நான் பார்த்தேன்.

"இது உங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?" என்றேன்.

"எது?"

"ஒண்ணுமில்ல."

கண்ணெதிரே பொய்ச் சாட்சியம். குறுக்கு விசாரணை எதுவும் செய்யாமல் முழுமையாக ஏற்றுக்கொண்டேன்.

"இன்னொண்ணு போடட்டா?"

தட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தம் பிடித்துக்கொண்டார்.

"பாதி போடு."